வியாழக்கிழமை ஐந்து மணி

திருப்பூரில் யாராவது உங்களிடம் ஒரு தேதி சொன்னால் நம்பிவிடாதீர்கள். பதினாறு வருஷம் அந்தத் தேதிகளைச் சொல்லியே பிழைத்தவள் சொல்கிறேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் முப்பதாம் தேதி சரக்கு கப்பலேற வேண்டும் என்பான். ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசரான நான் புரொடக்ஷன் மேனேஜரிடம் இருபது என்பேன். அவர் தையல் லைனில் போய்ப் பதினைந்து என்பார். லைன் சூப்பர்வைசர் சாயப்பட்டறைக்குப் போன் போட்டு, எட்டாம் தேதி துணி வரலீன்னா தொலைஞ்சோம் என்று கத்துவார். சாயப்பட்டறைக்காரர் நிதானமாக, வண்டி கிளம்பிருச்சுங்க என்பார். வண்டி கிளம்பியிருக்காது. துணியே காய்ந்திருக்காது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைப்பதில்லை. ஒவ்வொரு தேதிக்குள்ளும் நாலைந்து நாள் ஒளிந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஊரில் வேலை பார்க்க முடியும்.

இப்படிப்பட்ட ஊரில், எங்கள் கம்பெனி கேட்டில், சொன்ன நேரம் என்றால் சொன்ன நேரம்தான் என்று நம்பிக்கொண்டு ஒரு மனிதர் ஒன்பது வருஷம் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் பேசும்போது அவர் மிலிட்டரிக்காரர், நேரில் சார். ராமநாதபுரம் பக்கம். இடது காலைச் சற்று இழுத்து நடப்பார். கைக்கடிகாரத்தை எல்லாரும் கட்டுவதுபோல் கட்டாமல், முகம் உள்ளங்கைப் பக்கம் வருகிற மாதிரி கட்டியிருப்பார். மணி பார்க்கும்போது ஏதோ கையில் ஏந்திய தண்ணீரைப் பார்ப்பதுபோல இருக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது பார்ப்பார்.

வந்த முதல் வாரத்திலேயே தையல் ஹாலின் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திவிட்டார். அது எப்போதும் பத்து நிமிஷம் வேகமாக ஓடும். ஓடும் என்ன, ஓட வைத்திருந்தார்கள். காலையில் ஆட்கள் சீக்கிரம் வந்து உட்காரட்டும் என்ற ஏற்பாடு. சாயங்காலம் அதே கடிகாரத்தை யாரும் பார்க்கக் கூடாது, அது வேறு கதை. மேனேஜர் கேட்டுக்கே இறங்கிப் போய் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். அவர் அட்டென்ஷனில் நின்றபடி, கடிகாரம் தப்புக் காட்டுச்சு சார், திருத்துனேன் என்றார். மேனேஜர் மறுபடி பத்து நிமிஷம் தள்ளி வைத்தார். இவர் மறுநாள் மறுபடி திருத்தினார். ஒரு வாரம் கழித்து மேனேஜர் அந்தக் கடிகாரத்தையே கழற்றிக் கொண்டுபோய்விட்டார்.

என்னோடும் அவருக்கு ஒரு தடவை முட்டிக்கொண்டது. ஒரு ஷிப்மெண்ட் தாமதமாகி, லாரி நாலு மணிக்கே கிளம்பிவிட்டது என்று நான் பையருக்கு மெயில் போட்டுவிட்டேன். உண்மையில் அது மறுநாள் காலை பதினொன்று பத்துக்குத்தான் போனது. அடுத்த மாதம் பையர் சார்பில் ஆடிட்டுக்கு வந்தவன் நேராக கேட் ரிஜிஸ்டரைக் கேட்டான். அதில் மணிமணியான கையெழுத்தில் 11.10 என்று இருந்தது. முதலாளி என்னை நிற்க வைத்துக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டுக்குப் போய், "ஏனுங்க சார், நாலுன்னு ஒரு எழுத்து எழுதியிருந்தா நீங்க கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. புரியாமல் பார்த்தார். "நாலு மணிக்கு வண்டி உள்ளதானே மேடம் நின்னுச்சு?" என்றார். இரண்டு வாரம் அவருக்கு நான் குட் மார்னிங் சொல்லவில்லை. அவர் எனக்குச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீட்டுக்குப் போன் பேசுவார். ஒன்றரை என்றால் ஒன்றரை. சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, பனியன் பண்டல் வந்துச்சா, இந்த மூன்று கேள்விதான். அவர் மனைவி பக்கத்து வீதியில் ஒரு லைன் வீட்டில் இருந்தபடி பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுப்பார். செக்கிங் பெண்கள் அவர் பேசும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, சாருக்கு ஊட்டு டூட்டி ரிப்போர்ட் நடக்குது என்று கேலி பண்ணுவார்கள். அவருக்குக் காதில் விழும். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். போனை வைத்துவிட்டு மணி பார்ப்பார்.

அந்த அம்மாவை நான் முதலில் பார்த்தது ஆயுத பூஜை அன்று. அன்றைக்குத்தான் கம்பெனிக்குள் குடும்பங்கள் வரும். மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, பிள்ளைகள் கட்டிங் டேபிள் மேலெல்லாம் ஏறி ஓடிக்கொண்டிருக்கும். அந்த அம்மா ஒரு பீகார்க்காரனின் கைக்குழந்தையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் பேர் கேட்பதற்கு முன்னாடி, எத்தனை பசங்க என்று கேட்பது வழக்கம். செக்கிங்கில் இருந்த ஒருத்தி கேட்டாள். "இன்னும் இல்லைங்க" என்றார் அந்த அம்மா. வயது அப்போதே முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அந்த 'இன்னும்' எனக்குள் ஏனோ உட்கார்ந்துகொண்டது.

அதற்கப்புறம் சில நாளில், மூன்றே முக்கால் டீ நேரத்தில், ஒரு நீல ஃபைலோடு மிலிட்டரிக்காரர் மாடியேறி வந்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் என் மேஜைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இங்கிலீஷில் ஒரு லெட்டர் எழுத வேண்டும், தப்பில்லாமல் வேண்டும் என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஃபைலைப் பிரித்து இரண்டு பக்கம் படித்ததும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே காம்பவுண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"குண்டு வெடிச்சப்ப கால்ல பட்டது எல்லாருக்கும் தெரியும் மேடம். இன்னொரு எடத்துலயும் பட்டுச்சு. அது எனக்கும் அவளுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். ஆம்பளைக கிட்டக் குடுத்தா சிரிப்பாக. அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

விஷயம் இதுதான். எல்லையில் புதைத்து வைத்த வெடி ஒன்று அவரை ராணுவத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம் அவர் காலை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டது. பூட்ஸுக்குள் வைக்கிற தனி அட்டை வரைக்கும் கொடுத்தது. ஆனால் குழந்தைக்கான சிகிச்சை கேட்டுப் போனபோது ஒரு விதியைக் காட்டினார்கள். பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது உண்டு, ஓய்வு பெற்றவர்களுக்குக் கிடையாது. பணியில் இருந்தபோது அவருக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. அடிபட்டதை எல்லாம் சொல்லித்தான் பிறகு இந்த அம்மாவைக் கட்டியிருக்கிறார். இயற்கையாக ஆகாது, டெஸ்ட் டியூப் முறையில் ஆகும் என்று கோயம்புத்தூர் டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாற்பதைத் தாண்டிவிட்டால் கஷ்டம் என்பதையும் சொல்லியிருந்தார். சொந்தக் காசில் செய்கிற வைத்தியம் இல்லை அது, அவர் சம்பளத்துக்குக் கனவிலும் ஆகாது. ஒரே ஒரு விதி மாறினால் அவருக்குப் பிள்ளை. மாறாவிட்டால் இல்லை.

சிரிக்கவில்லை நான். ஆனால் எனக்கு அப்போது மூன்று வயதில் மகன் இருந்தான், அவன் போட்டோ மேஜையில் இருந்தது. அதைக் குப்புறக் கவிழ்க்க நினைத்து, கவிழ்த்தால் இன்னும் அசிங்கமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

அதிலிருந்து ஒன்றரை வருஷம் அவருக்கு நான் எழுதிக் கொடுத்தேன். மனுக்களுக்குப் பதில் வரும். பரிசீலனையில் உள்ளது என்று வரும். விதியில் இடமில்லை என்று வரும். ஒவ்வொரு பதிலின் மூலையிலும் அது வந்து சேர்ந்த தேதியையும் மணியையும் பேனாவால் எழுதி ஃபைலில் வைப்பார். விதி மாற வேண்டுமென்றால் விதி போட்டவர்களிடம்தான் போக வேண்டும் என்று நான்தான் வாய் சும்மா இல்லாமல் சொன்னேன். அவர் எம்.பி. ஆபீஸுக்குப் போனார். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். பத்துக்கே போயிராதீங்க, எம்.பி. பன்னெண்டுக்குத்தான் வருவாரு என்றேன். ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றிருக்கிறார். எம்.பி. வந்தது ஒரு மணிக்கு. அதுவரைக்கும் நின்றுகொண்டே இருந்த ஆளைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஃபைல் முழுவதையும் படித்தார். நல்ல மனிதர்தான். இந்த விதியை மாற்றச் சொல்லித் தன் சொந்தப் பேரில் ஒரு மசோதா கொண்டுவருகிறேன் என்றார். கொண்டும் வந்தார். அரசாங்கம் கொண்டுவராத, எம்.பி. தானாகக் கொண்டுவருகிற மசோதாவுக்கெல்லாம் நாடாளுமன்றத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் நேரம். அதுவும் எப்போது முறை வரும் என்று தெரியாது. பல வெள்ளிக்கிழமைகள் போயின.

ஒரு வழியாக முறை வந்தது. அந்த வாரம் திங்கட்கிழமை எம்.பி.யின் உதவியாளர் எனக்குப் போன் பண்ணினார். எம்.பி. சார் பேசும்போது கையில் வைத்துக் காட்ட உண்மையான கேஸ் ஒன்று வேண்டும், ராணுவ டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு பேப்பர், டாக்டரம்மா சர்டிபிகேட், மூன்றையும் ஸ்கேன் பண்ணி ஒரு கடிதத்தோடு வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்புங்கள் என்றார். மிலிட்டரிக்காரர் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே எல்லாவற்றையும் என் மேஜையில் வைத்துவிட்டார். ஸ்கேனும் பண்ணியாகிவிட்டது. கடிதத்தில் கடைசி ஒரு பாராதான் பாக்கி.

வியாழக்கிழமை ஐந்து மணி என்றதும் என் மண்டைக்குள் ஓடிய கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பேசுகிறார்கள். அப்படியானால் நிஜத் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம். இந்த ஆள் ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். அந்த வாரம் எனக்கு இரண்டு ஷிப்மெண்ட், பிரிண்டிங்கில் கலர் மாறிப் போய் ஒரு ஆர்டரே தொங்கிக்கொண்டிருந்தது. வியாழன் சரியாக ஐந்து மணிக்கு மேஜை போன் அடித்தது. கேட்டிலிருந்து.

"அனுப்பிட்டீகளா மேடம்?"

"அனுப்பியாச்சுங்க சார்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. வண்டி கிளம்பிருச்சுங்க என்பதைப்போலத்தான் சொன்னேன். நாளைக்குக் காலையில் முதல் வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். காலையில் சரக்கைச் சோதிக்கிற பையரின் க்யூ.சி. வந்து உட்கார்ந்துவிட்டான். அவனை அனுப்பிவிட்டு நான் மெயிலை அனுப்பியபோது மணி இரண்டு ஐம்பது.

மூன்றரை மணிக்கு வாட்ச் ரூமுக்கு இறங்கிப் போனேன். அந்த அம்மாவும் வந்திருந்தார். அயர்ன் பண்ணிய மெரூன் சேலை, தலையில் பூ. ஏதோ விசேஷத்துக்கு வந்தவர்போல ஸ்டூலில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். செல்போனைத் தண்ணி பாட்டிலில் சாய்த்து வைத்து மூன்று பேரும் நாடாளுமன்ற நேரலையைப் பார்த்தோம். எங்கள் எம்.பி. இங்கிலீஷில் நன்றாகவே பேசினார். பொதுவாகப் பேசினார். இப்படியான வீரர்கள் இருக்கிறார்கள் என்றார். அப்புறம் மந்திரி எழுந்து ஹிந்தியில் பதில் சொன்னார். சொல்லச் சொல்ல எங்கள் எம்.பி. கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். எதையோ தேடினார். கிடைக்கவில்லை போல, மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு எழுந்து, மந்திரியின் விளக்கத்தை ஏற்று மசோதாவைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, என்ன மேடம் சொல்றாரு என்று கேட்டார். டில்லிக்காரர்களோடு போனில் மாரடித்த வகையில் எனக்குக் கொஞ்சம் ஹிந்தி வரும். பரிசீலனை பண்றோம்ங்கறாருங்க என்றேன். அவர்களிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

மிலிட்டரிக்காரர் பல வருஷம் ஹிந்தியில் உத்தரவு வாங்கியவர் என்பதை நான் மறந்துவிட்டேன். செல்போனை எடுத்து அணைத்தார். மனைவி பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"இப்படி ஒரு கேஸும் இதுவரைக்கும் தன் பார்வைக்கு வரலைன்னு சொல்றாரு. ஒருத்தர்கூட இல்லையாம்."

அந்த அம்மா தலையிலிருந்த பூவை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, பனியன் பண்டல் வர்ற நேரம், நான் போறேன் என்று எழுந்து போனார். மிலிட்டரிக்காரர் கேட் வரைக்கும் கூடவே நடந்து போய்த் திறந்துவிட்டார். திரும்பி வந்து மணி பார்த்தார்.

சாயங்காலம் எம்.பி.யின் உதவியாளருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் கோபம்கூட இல்லை. வியாழக்கிழமை ஐந்து மணின்னு சொன்னேனேம்மா, அதோடு எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து எம்.பி. சார் கையில் கொடுத்துட்டோம், நீங்க அனுப்புனப்ப அவரு உள்ள போயிட்டாரு என்றார். அவருடைய வியாழக்கிழமைக்குள் ஒரு நாளும் ஒளிந்திருக்கவில்லை. சொன்னதையே சொல்லியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு யாரோ நிஜமான தேதியைச் சொன்னார்கள், எனக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மிலிட்டரிக்காரர் மாடிக்கு வந்தார். அனுப்பிய மெயிலுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தால் ஃபைலில் வைத்துக்கொள்வேன் என்றார். என்னிடம் ஆயிரம் சாக்கு இருந்தது. சர்வர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். பிரிண்டரில் இங்க் இல்லை என்று இரண்டு நாள் தள்ளியிருக்கலாம். ஏனோ, எடுத்துக் கொடுத்துவிட்டேன். மேலே தேதியும் மணியும் தெளிவாக இருந்தன. அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜையில் என் மகன் போட்டோவுக்கு நேரே அவர் கை இருந்தது. பிறகு தாளை நாலாக மடிக்காமல் தட்டையாகவே ஃபைலில் வைத்து, தாங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். காலை இழுத்து இறங்குகிற சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். கேட்கவே இல்லை. மறுநாள் காலை அதே குட் மார்னிங். அதற்கு மறுநாளும். லாரி ஏற்றும்போது நான் கீழே போனால் எழுந்து நிற்பார். ஒன்றரைக்குப் போன் பேசுவார். நான் சாமளாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். கேட் நெருங்க நெருங்க வண்டி தானாக மெதுவாகிவிடும். அந்த மனிதரை அந்த ஊரில் அவ்வளவு தனியாக விட்டவள் நான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், அதை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வருஷம் கழித்து, அந்த அம்மாவுக்கு நாற்பது முடிந்த மாதம், கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று ரிஜிஸ்டரில் தன் பெயரையும் வெளியேறிய நேரத்தையும் அவரே எழுதிவிட்டுப் போனார்.

நானும் பிறகு அந்தக் கம்பெனியை விட்டுவிட்டேன். இப்போது பல்லடத்தில் சொந்தமாகச் சின்னதாய் ஒரு சாம்பிள் யூனிட். போன மாதம் ஒரு செய்தி படித்தேன். வேறு மாநிலத்து எம்.பி. ஒருவர் அதே விதியை மாற்றச் சொல்லி மறுபடி ஒரு மசோதா கொண்டுவருகிறாராம். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குள் விவரம் அனுப்பலாம் என்று போட்டிருந்தது. படித்தது திங்கட்கிழமை காலை. என் பழைய மெயிலில் அந்த ஸ்கேன்கள் அப்படியே இருந்தன. அவர் நம்பரும் இருந்தது. அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அடித்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவளுக்கு நாப்பத்தஞ்சு முடிஞ்சுருச்சு மேடம்" என்றார்.

தெரியுமுங்க சார் என்றேன். மன்னிச்சுக்குங்க, போனை வச்சிர்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார், "எத்தன மணிக்குள்ள அனுப்பணும்?"

"புதன்கிழமை பன்னெண்டுக்குள்ளங்க."

"அனுப்புங்க. எங்களுக்கு இனி ஒண்ணும் இல்ல. ஆனா ஒருத்தர்கூட இல்லைன்னு மறுபடி சொல்லீரக் கூடாதுல்ல."

லைன்லயே இருங்க சார் என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கடிதத்தை எழுதினேன். பழைய கடிதம்தான், வயதை மட்டும் மாற்றினேன். ஸ்கேன்களை இணைத்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வருகிற வரைக்கும் பார்த்திருந்து சொன்னேன், "இப்பத்தாங்க போச்சு. மணி பதினொன்னு ஏழு."

அந்தப் பக்கம் இரும்பு பீரோ திறக்கும் சத்தம். தாள் புரளும் சத்தம். என்னது என்று அந்த அம்மாவின் குரல் எங்கிருந்தோ கேட்டது. அவர் பதில் சொல்லாமல் எதையோ எழுதுவது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் சொல்லாததை அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று, "சார், அந்த வியாழக்கிழமை நானு..." என்று ஆரம்பித்தேன்.

"அது இருக்கு மேடம். வெள்ளி ரெண்டு அம்பது," என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. "அதுக்குக் கீழதான் இத எழுதுறேன்."